கைக்காசு இல்லாமல் வீடு கட்டிய கணக்கு

போன வாரம் கோலாலம்பூர் பக்கம் ரவாங்கிலிருந்து சித்தப்பா மகள் போன் செய்தாள். எடுத்த எடுப்பிலேயே, “அண்ணே, முன்பணமே இல்லாம பேங்க்ல முழுக் காசும் வாங்கித்தானே வீடு கட்டினீங்க? எந்த பேங்க்னு சொல்லுங்க, நானும் போறேன்” என்றாள். பெயரைச் சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். ஆனால் அந்தப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் இரண்டாவது மாதத்தில் எங்கே மாட்டிக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும், நானே அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். வேலை இடத்திலும் இரண்டு பேர் இதையே கேட்டுக்கொண்டிருப்பதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

நாங்கள் கட்டியது சுங்கை பாக்காப்பில், மலேசியாவில் பினாங்கின் பெருநிலப் பக்கம். எனக்கு வேலை தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸில், தினமும் பத்து காவான் வழியாக இரண்டாவது பாலத்தில் மோட்டாரில் போய் வருகிறேன். நிலம் அப்பாவுடையது. அவர் வேலை பார்த்த தோட்டம் விற்கப்பட்டு ஆட்களைக் கணக்கு முடித்து அனுப்பியபோது கைக்கு வந்த காசில், கூட வேலை பார்த்தவர்கள் வேன் வாங்கினார்கள், மகளுக்குக் கல்யாணம் செய்தார்கள், அப்பா மட்டும் நாலாயிரம் சதுர அடி நிலம் வாங்கிப் போட்டார். தோட்டத்து வீட்டில் இருந்தவர்களுக்கு வேலை போன அன்றே வீடும் போனது என்பதை நேரில் பார்த்த மனிதர் அவர். 1960-இல் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, துண்டாடப்பட்டு விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளிகளே வாங்கட்டும் என்று பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்தாரே, அந்தக் காலத்துக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். மண் கையில் இருக்க வேண்டும் என்பது அவருக்குள் ஊறிப் போயிருந்தது. ஆனால் அதில் ஒரு செங்கல் வைக்க அவரால் முடியவில்லை. இருபது வருடத்துக்கு மேல் அங்கே தென்னையும் கருவேப்பிலையும்தான் இருந்தன.

2023 தொடக்கத்தில் நானும் மனைவியும் சிம்பாங் அம்பாட்டில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளைப் பார்த்தோம். நாலு லட்சத்துக்குக் குறைவாக எதுவும் இல்லை. பேங்க் நூற்றுக்குத் தொண்ணூறு கொடுத்தாலும் நாற்பதாயிரம் எங்கள் கையிலிருந்து போக வேண்டும், அதற்கு மேல் வழக்கறிஞர் செலவு. எங்களிடம் இருந்தது ஆறாயிரத்து ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்). அன்றைக்கு மனைவிதான் கேட்டாள், மாமா நிலம் சும்மாதானே கிடக்கிறது என்று.

சித்தப்பா மகளுக்கு நான் முதலில் சொன்னது இதைத்தான். முன்பணமே இல்லாமல் கட்டினோம் என்பது சரியில்லை. கடன் இல்லாத நிலம்தான் எங்கள் முன்பணம். அப்பா நிலம் வாங்கிய அன்றே அதைக் கட்டிவிட்டார். எங்கள் நிலத்தை மதிப்பீட்டாளர் 140,000 என்று போட்டார் (நில ஏஜெண்ட் 170,000 என்று சொல்லியிருந்தார், பேங்க் ஏஜெண்ட் சொல்வதைக் கேட்காது). வீடு கட்ட 210,000. கட்டி முடித்தால் பேங்க் கையில் மூன்றரை லட்சம் பெறுமானமுள்ள சொத்து அடமானமாக இருக்கும், கடன் அதில் நூற்றுக்கு அறுபது. அதனால்தான் கொடுத்தார்கள், எங்கள் முகத்தைப் பார்த்து இல்லை.

அதுவும் எல்லா பேங்க்கும் இல்லை. முதலில் போன இடத்தில் தனி ஆள் சொந்த நிலத்தில் கட்டும் வீட்டுக்குக் கடனே கிடையாது, வீடுகளைக் கட்டி விற்கும் மேம்பாட்டாளரிடம் வாங்கும் வீட்டுக்குத்தான் என்றார்கள். இரண்டாவது இடத்தில் கட்டட செலவில் நூற்றுக்கு எண்பதுதான், அதாவது 168,000. மூன்றாவது இடத்தில் முழு 210,000. ஒரே நிலம், ஒரே சம்பளச் சீட்டு, மூன்று பதில். ஒரு பேங்க் இல்லை என்று சொன்னதும் மனம் உடைந்து வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

நிலத்தில் பார்க்க வேண்டியவை இரண்டு. கிராண்டில் (நிலப் பத்திரத்தில்) நிலத்தின் வகை “பங்குனான்”, அதாவது கட்டட நிலம், என்று இருக்க வேண்டும். “பெர்த்தானியான்” என்று இருந்தால் அது விவசாய நிலம், முதலில் நில அலுவலகத்தில் வகையை மாற்ற மனுப் போட வேண்டும், பிரிமியம் கட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். இரண்டாவது, கிராண்டில் எத்தனை பெயர். எங்களுக்கு அப்பா பெயர் மட்டும்தான், அவர் உயிரோடு இருக்கும்போதே 14ஏ பாரத்தில் கையெழுத்திட்டு என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். 2023 ஏப்ரல் 1 முதல் பெற்றோர் பிள்ளைக்கு இப்படி அன்பின் பேரில் சொத்து மாற்றினால் பத்து லட்சம் வெள்ளி வரை முத்திரை வரி கிடையாது. நாங்கள் மாற்றியது அந்த ஜூனில். அதற்கு முன் வருடம் என்றால் பாதி வரி கட்டியிருப்போம்.

அப்பா கையெழுத்திட்ட அன்று வழக்கறிஞர் அலுவலகத்தில் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படிக்கிறார் என்று நினைத்தேன். “லோட் நம்பர் சரியா இருக்கான்னு பாத்தேன்” என்றார். அந்த எண் அவருக்கு மனப்பாடம்.

சரி, இனி பணத்துக்கு வருகிறேன். எல்லோரும் கடன் கிடைக்குமா என்றுதான் கவலைப்படுகிறார்கள். எனக்குக் கடன் ஆகஸ்டிலேயே கிடைத்துவிட்டது. அது என்றைக்குக் கைக்கு வருகிறது என்பதில்தான் எல்லாமே இருந்தது. வீடு கட்டும் கடனை பேங்க் மொத்தமாகத் தருவதில்லை. ஒரு கட்டம் முடிந்த பிறகு, பிளான் போட்டவர் முடிந்தது என்று சான்று கொடுத்த பிறகு, பேங்க் அனுப்பும் ஆள் வந்து பார்த்த பிறகு, அந்தக் கட்டத்துக்கான காசு விடப்படும். வீட்டைக் கட்டித் தரும் குத்தகைக்காரரோ வேலை தொடங்கும் முன்பே காசு கேட்பார். சிமெண்டுக் கடைக்காரனும் கம்பி விற்பவனும் அவரிடம் அப்படித்தான் கேட்கிறார்கள். பேங்க் வேலை முடிந்த பிறகு தருகிறது, குத்தகைக்காரர் வேலைக்கு முன் கேட்கிறார், நடுவில் இருக்கும் பள்ளத்தில் நிற்பது நாம்தான். கைக்காசு இருப்பவன் அந்தப் பள்ளத்தைக் காசைப் போட்டு மூடிவிட்டுப் போய்விடுவான். இல்லாதவனுக்கு வீடு அந்தப் பள்ளத்திலேயே நின்றுவிடும்.

அந்தப் பள்ளம் எங்களுக்கு எவ்வளவு ஆழம் என்று சொல்லிவிடுகிறேன். பிளான், இன்ஜினியர், மாநகர் மன்றத்துக் கட்டணம் எல்லாம் சேர்த்து 11,200. மண் சோதனை 1,800. வழக்கறிஞரும் கடன் பத்திரத்துக்கான முத்திரை வரியும் 6,300 (கடன் தொகையில் நூற்றுக்கு அரை வெள்ளி வரி, எங்களுக்கு 1,050, மீதி வழக்கறிஞர் கட்டணம்). மதிப்பீடு 850. இதுவே 20,150 ஆகிவிட்டது, இதில் ஒரு காசு கூட பேங்க் கடனில் வராது. அதற்கு மேல் குத்தகைக்காரர் நூற்றுக்கு இருபது, அதாவது 42,000 முன்பணம் கேட்டார். பேசிப் பேசி நூற்றுக்குப் பத்துக்குக் கொண்டு வந்தேன், 21,000. ஆக, முன்பணமே வேண்டாத வீட்டுக்கு ஒரு செங்கல் வைக்கும் முன் தேவைப்பட்டது 41,150 வெள்ளி.

எங்கிருந்து வந்தது? பாதி இபிஎஃப், அதாவது ஊழியர் சேமநிதி, கொடுத்தது. சொந்த நிலத்தில் வீடு கட்டவும் இரண்டாவது கணக்கிலிருந்து எடுக்கலாம் என்று நிறைய பேருக்குத் தெரிவதில்லை, வாங்குவதற்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கட்டும் செலவுக்கும் கடனுக்கும் உள்ள வித்தியாசம், அதோடு செலவில் நூற்றுக்குப் பத்து, கணக்கில் அந்த அளவு இருந்தால் எடுக்கலாம். எங்களுக்குக் கடன் முழுத் தொகையும் கிடைத்ததால் வித்தியாசம் இல்லை, அந்தப் பத்து மட்டும், 21,000. 2024 மே மாதத்தில் கணக்குகளை மூன்றாகப் பிரித்த பிறகு இப்போது இது செஜாத்ரா கணக்கு. முன்பு சம்பளத்தில் பிடிப்பதில் நூற்றுக்கு முப்பது இரண்டாவது கணக்குக்குப் போகும், இப்போது செஜாத்ராவுக்குப் பதினைந்துதான், மெதுவாகத்தான் ஏறும். கட்டும் எண்ணம் இருப்பவர்கள் இப்போதே அதில் கை வைக்காமல் இருங்கள்.

மீதிக்கு எங்கள் சேமிப்பு 6,500. அம்மா பத்துப் பெண்களோடு மாதம் ஐந்நூறு போட்டுவந்த கூட்டுச் சீட்டில் முதல் ஆளாக எடுத்துக் கொடுத்தது 5,000. இதைப் பிறருக்கு வழியாகச் சொல்ல மாட்டேன். 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டு, சீட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வது இந்த நாட்டில் குற்றம், அந்தச் சட்டத்தின் பெயரிலேயே “கூட்டு” என்ற நம் தமிழ்ச் சொல் இருக்கிறது. எத்தனை குடும்பம் அதில் காசைத் தொலைத்திருந்தால் சட்டத்தின் பெயராகவே ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அம்மாவுடையது நாற்பது வருடமாக ஒரே தோட்டத்துப் பெண்கள், கோயிலில் தினமும் முகம் பார்க்கிறவர்கள். நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அப்புறம் அம்மாவின் நகை. நிபோங் திபாலில் ஒரு அடகுக்கடை, கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் சங்கிலியை ஒரு கருப்புக் கல்லில் உரசி, மேலே ஒரு சொட்டு விட்டு, தராசில் வைத்தார். அடுத்தது இரண்டு வளையல். வலது கை வளையல் கழலவில்லை. அம்மா கவுண்டரில் இருந்த சோப்புத் தண்ணீரில் கையை நனைத்துத் திருகித் திருகி எடுத்தார், மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு கோடு இருந்தது. 9,000 கொடுத்தார்கள். மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி, அதாவது 180 வெள்ளி, ஆறு மாதத்தில் மீட்க வேண்டும், இல்லாவிட்டால் வட்டி கட்டிப் புதுச் சீட்டு. பேங்க் வட்டி வருடத்துக்கு நாலரை, அடகு வட்டி வருடத்துக்கு இருபத்து நான்கு. குறைந்த காலத்துக்கு என்று தெரிந்துதான் வைத்தோம். பதினோரு மாதம் ஆனது.

தனிநபர் கடன் வாங்கி இந்தப் பள்ளத்தை மூடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். வீட்டுக் கடன் கையெழுத்தாகும் முன் அதைச் செய்தால் எல்லா பேங்க்கும் பார்க்கும் கடன் பதிவான சிசிஆர்ஐஎஸ்-இல் ஏறிவிடும், சம்பளத்தில் எவ்வளவு கடனுக்குப் போகிறது என்ற கணக்கு கெட்டுப் போய், ஒப்புதல் ஆன கடனையே பேங்க் திரும்பப் பார்க்கலாம். இன்னொருவர் சொன்ன வழி, குத்தகைத் தொகையை 250,000 என்று எழுதி பேங்க்கில் கூடுதலாக வாங்கிக்கொண்டு வித்தியாசத்தைக் கையில் எடுத்துக்கொள்வது. ஊரில் நடக்கிறது, எனக்குத் தெரியும். அது பேங்க்கிடம் பொய்க் கணக்குக் காட்டுவது. அதோடு இல்லாத சுவருக்கு முப்பது வருடம் வட்டி கட்டுவது. அப்பாவின் நிலத்தை அடமானம் வைத்து அப்படி ஒரு காகிதத்தில் கையெழுத்திட எனக்கு மனம் வரவில்லை. மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் “பணம் வேண்டுமா” தாள்களைப் பற்றி ஒரே வார்த்தை: உரிமம் உள்ளவர் என்றால் சட்டப்படி அடமானம் உள்ள கடனுக்கு வருடம் பன்னிரண்டு, இல்லாததற்குப் பதினெட்டு, அதற்கு மேல் கேட்பவர் உரிமம் காட்டினாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

2023 நவம்பரில் வேலை தொடங்கியது. அடித்தளமும் தரை பீமும் முடிய ஏழு வாரம். முதல் கட்டத்துக்கு ஒப்பந்தத்தில் நூற்றுக்குப் பதினைந்து, 31,500. பேங்க் விட்டது. அடுத்த கட்டம் தூண்களும் மேல் பீமும், நூற்றுக்கு இருபது, 42,000. தூண் கம்பிகளைக் கட்டி நிறுத்திவிட்டு ஆட்கள் பொங்கலுக்கு முந்திய வாரம் போனார்கள், திரும்பி வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். குத்தகைக்காரர் போனை எடுத்தால், கம்பி விலை ஏறிவிட்டது, இன்னும் பன்னிரண்டாயிரம் வேண்டும் என்றார். கட்டம் முடியாமல் பேங்க் தராது, காசு வராமல் அவர் முடிக்க மாட்டார். ஆறு வாரம் இப்படியே போனது. வாடகை 950, பேங்க் விட்ட தொகைக்கு மாதம் 118 வெள்ளி வட்டி, அடகுக்கு 180. தினமும் வேலை முடிந்து பாலத்தைக் கடந்து வந்ததும் நேராக அங்கேதான் போவேன். பதினான்கு தூண், வானத்தைப் பார்த்துக்கொண்டு துருப்பிடித்த கம்பி. அம்மா பழைய மினரல் வாட்டர் போத்தல்களைப் பாதியாக வெட்டி ஒவ்வொரு கம்பி முனையிலும் கவிழ்த்து வைத்திருந்தார், பிள்ளைகள் யாராவது விளையாட வந்து விழுந்தால் குத்திவிடும் என்று.

மேம்பாட்டாளரிடம் வீடு வாங்குகிறவருக்கு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம் இருக்கிறது, அட்டவணைப்படி எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு என்று சட்டமே சொல்கிறது, சாவி வாங்கிய பிறகு 24 மாதத்துக்குப் பழுது பார்ப்பது அவர்கள் பொறுப்பு. நம் நிலத்தில் நாம் ஆள் வைத்துக் கட்டும்போது அது எதுவும் இல்லை. நாம் கையெழுத்திட்ட ஒப்பந்தம் மட்டும்தான். எங்கள் ஒப்பந்தம் நான்கு பக்கம், குத்தகைக்காரர் கொண்டு வந்தது, நான் சரியாகப் படிக்காமல் கையெழுத்திட்டது. குத்தகைக்காரர் கட்டுமானத் துறை வாரியமான சிஐடிபி-யில் பதிந்தவரா என்று பார்த்தேன், நல்லது. ஆனால் கட்டங்களை நான் பார்க்கவில்லை.

வழி காட்டியவர் பிளான் போட்டவர்தான். அவர் வந்து அளந்து, தூண் வேலையில் எவ்வளவு முடிந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். இரண்டாவது கட்டத்தை இரண்டாக உடைத்து, தூண்களுக்கு ஒரு தொகை, பீமுக்கு ஒரு தொகை என்று பேங்க்குக்குக் கடிதம் எழுதச் சொன்னார். மூன்று வாரத்தில் ஒப்புக்கொண்டார்கள். கூடுதலாக ஒருமுறை வந்து பார்க்கும் கட்டணம் எங்களுடையது. கம்பியை மட்டும் நானே வாங்கிக் கொடுப்பது, அந்த விலையை அவருடைய தொகையில் கழிப்பது என்று குத்தகைக்காரரிடம் பேசினோம். என் மாமாவுக்குத் தெரிந்த இரும்புக் கடையில் முப்பது நாள் கடனுக்குக் கொடுத்தார்கள். ஆட்கள் திரும்பி வந்தார்கள். அதற்குப் பிறகு பெரிய தகராறு இல்லை, மனிதர் வேலை தெரிந்தவர்தான், அவருக்கும் கையில் காசு இல்லை. கூரை, பூச்சு, ஓடு, வயரிங் எல்லாவற்றையும் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்தோம். மூன்று வாரத்தில் முடியாத எதையும் ஒரு கட்டமாக வைக்கவில்லை.

தொடக்கத்திலேயே அப்படிச் செய்திருந்தால் அம்மாவின் வளையல் ஆறு மாதத்தில் கைக்கு வந்திருக்கும். கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், குத்தகை ஒப்பந்தத்தின் கட்டங்களையும் பேங்க் காசு விடும் கட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். கட்டம் சின்னதாக இருக்க வேண்டும். கடைசி நூற்றுக்கு ஐந்தைக் குறைந்தது ஆறு மாதம் பிடித்துவையுங்கள், மழைக்காலம் ஒன்று கடக்கட்டும்.

2025 பிப்ரவரியில் வீட்டில் குடியேறலாம் என்ற சான்றிதழான சிசிசி வந்தது, பால் காய்ச்சினோம். அதுவரை வட்டி மட்டும், அதற்குப் பிறகு முழுத் தவணை, முப்பது வருடத்துக்கு மாதம் 1,064. அந்த ஜூலையில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, அடிப்படை வட்டி விகிதமான ஓபிஆரை 3.00-இலிருந்து 2.75-க்குக் குறைத்ததும் முப்பது வெள்ளி அளவுக்கு இறங்கியது. ஏறினால் இதே அளவு ஏறும் என்பதையும் கணக்கில் வைத்திருக்கிறோம்.

சித்தப்பா மகள் விஷயத்துக்கு வருகிறேன். அவள் கணவர் நாசி லெமாக் கடை வைத்திருக்கிறார், சம்பளச் சீட்டு கிடையாது. அதற்கு எஸ்ஜேகேபி இருக்கிறது, நிலையான வருமானச் சான்று இல்லாதவர்களின் வீட்டுக் கடனுக்கு அரசாங்கம் பேங்க்குக்கு உத்தரவாதம் நிற்கும் திட்டம், ஐந்து லட்சம் வரை. சொந்த நிலத்தில் கட்டுவதற்கு எடுத்துக்கொள்வார்களா என்பதை பேங்க்கில் முதல் கேள்வியாகக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். கடை வரவை இன்றிலிருந்து ஒரே பேங்க் கணக்கில் போடச் சொன்னேன், டப்பாவில் இருக்கும் காசை எந்த பேங்க்கும் எண்ணாது. வருமானம் குறைவு, நிலம் உண்டு, வேறு வீடு இல்லை என்றால் அரசாங்க வீடமைப்பு நிறுவனமான எஸ்பிஎன்பி-யின் ருமா மெஸ்ரா ராக்யாட் திட்டத்துக்கும் மனுப் போடலாம், கட்டும் செலவில் ஒரு பங்கை அரசாங்கம் ஏற்கிறது. எங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்து வரம்பைத் தாண்டியதால் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அவள் தம்பி அரசாங்க ஆசிரியர், அவர் பெயரில் என்றால் அரசாங்க ஊழியர்களுக்கு வீட்டுக் கடன் தரும் எல்பிபிஎஸ்ஏ-வில் சொந்த நிலத்தில் கட்டவே ஒரு பிரிவு இருக்கிறது, ஓபிஆர் ஏறினாலும் மாறாத நாலு சதவீதம்.

எல்லாம் பேசி முடித்த பிறகுதான் கேட்டேன், கிராண்டில் யார் யார் பெயர் என்று. அவள் தாத்தா இறந்த பிறகு நாலு பிள்ளைகள் பெயரிலும் மாற்றி வைத்திருக்கிறார்களாம், பிரிக்காமல். சித்தப்பா பங்கு கால். பிரிக்காத கால் பங்கைப் பொதுவாக பேங்க் அடமானமாக எடுக்காது, நாலு பேரும் கையெழுத்திட வேண்டும், அல்லது முதலில் நிலத்தைப் பிரிக்க வேண்டும். ஒரு அத்தை ஈப்போவில், ஒரு பெரியப்பா சிங்கப்பூரில், பெரியப்பாவோடு பத்து வருடமாகப் பேச்சு இல்லை.

போனில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, “பெரியப்பா நம்பர் உங்ககிட்ட இருக்கா அண்ணே?” என்று கேட்டாள். அனுப்பியிருக்கிறேன்.